படிக்க வாராத எழுத்து: ஓவியர் பணிக்கரின் மூன்று ஊற்றுகள்

ஓவியனுக்குக் கருப்பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் வினா மிகப் பழையது. இயற்கையே அவனுக்கு ஆசான் என்பார் ஒரு சாரார். காலந்தோறும் வளரும் அறிவியலே அவன் கண்ணைத் திறக்கிறது என்பார் மற்றொரு சாரார். உள்ளத்தின் அடியில் உறங்கிக் கிடக்கும் கனவே கலையின் தாய் என்பார் வேறொரு சாரார். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவற்றுள் ஒன்றை மட்டும் கைக்கொண்டு ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பை அளக்கப் புகுவோர், யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையையே மீண்டும் நடத்திக் காட்டுவர்.

தமிழ் ஆசிரியர்க்கு இவ்வினாவை ஆராய ஓர் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்து வாழும் தெய்வம், விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியன கரு; அங்கு நிகழும் உள்ளத்து ஒழுக்கம் உரி. இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைமையானது. மலையும் வேங்கை மரமும் மயிலும் இருந்தால் மட்டும் குறிஞ்சிப் பாட்டு ஆகிவிடாது. புணர்தலாகிய உரி அமைந்தாலன்றி அவை வெறும் பட்டியலே. ஓவியத்துக்கும் இதுவே முறை. இயற்கை, அறிவியல், கனவு ஆகிய மூன்றும் ஓவியனுக்குக் கருப்பொருளே ஆகும். உரிப்பொருளை அவன்தான் தர வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு கே. சி. எஸ். பணிக்கரின் ஓவியங்களை நோக்கினால் அவருடைய வெற்றியும் குறையும் ஒருங்கே விளங்கும்.

இயற்கை

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். தாய்மொழி மலையாளம். இளமையில் அவர் கண்டு வளர்ந்தவை மலபாரின் பசிய வயல்களும் காயல் நீரும் தென்னஞ்சோலைகளும். பன்னிரண்டு வயதிலேயே அந்நிலக்காட்சிகளை வரையத் தொடங்கினார். பதினேழாம் வயதில் அவருடைய ஓவியங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. குடும்பச் சுமையின் காரணமாகத் தந்தித் துறையில் பணிக்குச் சென்றவர், இருபத்தைந்து வயதளவில் அதனைத் துறந்து சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1944ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்த பணிக்கர், 1957 முதல் 1967 வரை அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தார்.

அவருடைய தொடக்கக்கால ஓவியங்களில் இயற்கை கண்ணுக்குப் புலப்படும் வண்ணமே நின்றது. நீர்வண்ணத்தில் அவர் தீட்டிய காயல் காட்சிகளில் ஒளி நீர்மேல் நெளிவதைக் காணலாம். 1950களின் பிற்பகுதியில் அவர் வரைந்த தோட்ட ஓவியங்களிலோ நிலைமை மாறுகிறது. அங்கே மரம் ஒரு குறிப்பிட்ட மரம் அன்று. மனித உருவமும் இலையும் கிளையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். தொலைவில் இருப்பது சிறிது, அண்மையில் இருப்பது பெரிது என்னும் கண்ணின் சட்டம் தளர்ந்துவிடுகிறது. மேற்கத்திய ஓவியர் வான்கோ, கொகேன் ஆகியோரிடம் கற்ற வண்ணத் துணிவு அவற்றில் தெரியும். எனினும் கட்டமைப்பு அவர்களுடையது அன்று.

இம்மாற்றத்தை வளர்ச்சி என்று மட்டும் சொல்லி விடுதல் போதாது. சித்தன்னவாசல் குகைக் கூரையில் தாமரைக் குளம் வரைந்த பழைய ஓவியனும் தொலைவு, அண்மை என்னும் கணக்கைப் பெரிதாகக் கருதவில்லை. மீனும் அன்னமும் யானையும் பூக்கொய்யும் மாந்தரும் ஒரே நீர்ப்பரப்பில் நிறைந்திருக்க, பார்ப்பவன் கண் எங்கு வேண்டுமாயினும் நுழையலாம், எங்கு வேண்டுமாயினும் வெளியேறலாம். பணிக்கரின் தோட்டமும் அவ்வகையினதே. இயற்கையைக் கண் காண்பதுபோல் வரைவதை விட்டு, அதனுள் வாழ்பவன் உணர்வதுபோல் வரையும் பழைய நெறி ஒன்று அவர் கையில் புத்துயிர் பெற்றது எனலாம்.

அறிவியல்

1954ஆம் ஆண்டு பணிக்கர் முதன்முறையாக ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே நிலவிய புதுமை ஓவியத்தை நேரில் கண்டபின் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது: பாரிசு நகரத்தாரைப் பின்பற்றாமல், பழைய கோயிற்சுவரையும் நகல் எடுக்காமல், இந்நாட்டான் ஒருவன் இக்காலத்து ஓவியனாக இருப்பது எப்படி? இக்கேள்விக்கு அவர் தந்த விடையே 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' என்னும் ஓவியத் தொடர்.

மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டின் பக்கங்களே இத்தொடருக்கு வித்தாயின என்று பணிக்கரைப் பற்றி எழுதியோர் கூறுவர். எண்கள் நெடுவரிசையாக நிற்றலும், சமன்பாடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குதலும், இடையே முக்கோணமும் வட்டமும் தோன்றுதலும் ஓவியர் கண்ணுக்கு விருந்தாயின. முதலில் ரோமன் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் வரிவரியாகப் படத்தில் நிறைத்தார். சிறிது காலத்தில் அவை தம் மண்ணுக்கு அயல் என உணர்ந்து, மலையாள எழுத்தின் வளைவுகளை ஒத்த கோடுகளுக்கும், பன்னிரண்டு கட்டங்கொண்ட சாதகக் குறிப்புக்கும், பழைய சுவடிகளில் காணும் சக்கரங்களுக்கும் மாறினார். அவ்வரிகளை எவராலும் படிக்க இயலாது. மலையாளம் அறிந்தவரும் அவற்றில் ஒரு சொல்லைக் காண மாட்டார். எழுத்தின் உடம்பு இருக்கிறது. பொருளாகிய உயிர் இல்லை. கட்டங்களின் அருகே ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு, ஒரு மரக்கிளை ஆங்காங்கே தலைகாட்டும்.

இதனை அறிவியலிலிருந்து பெற்ற ஊக்கம் எனக் கொள்ளலாமா? அறிவியல் ஓவியனுள் புகும் வழிகள் பல. இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி மனித உடலை அறுத்துப் பார்த்தார். நீர்ச்சுழியின் ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்து ஆய்ந்தார். அவரிடத்தில் அறிவியல் அறிவாகவே புகுந்தது. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியோ, அணு பிளக்கத்தக்கது என்னும் செய்தி தம் உள்ளத்தில் உலகமே இடிந்து விழுந்தாற்போன்ற அதிர்ச்சியை உண்டாக்கியதை எழுதியுள்ளார். அவரிடத்தில் அறிவியல் அதிர்ச்சியாகப் புகுந்தது. பணிக்கரிடத்திலோ அது தோற்றமாக மட்டுமே புகுந்தது. கணக்கின் விடை என்னவென்று அவர் கேட்கவில்லை. கணக்கு எழுதப்பட்ட தாள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றே நோக்கினார். அறிவியல் என்ற அளவில் இது மூன்றனுள் மெலிந்த உறவு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சோதிடக் கட்டத்தையும் இயற்கணிதத்தையும் ஒரே நிறையில் வைத்த ஓவியரை அறிவியல் ஓவியர் என்று போற்றுவது பொருந்தாது.

ஆயினும் இம்மெலிந்த உறவிலிருந்தே வலிய ஓர் உண்மை பிறந்திருக்கிறது. எந்த அறிவுக்கும் பொருள் விளங்குமுன்னே ஒரு முகம் உண்டு. குழந்தை எழுத்தைக் கற்குமுன் எழுத்தைக் காண்கிறது. 'அ' என்பது அதற்கு முதலில் ஒரு வளைவும் ஒரு சுழியும் ஒரு நேர்கோடும்தான். படிக்கத் தெரிந்த மறுநாளே அவ்வடிவம் கண்ணைவிட்டு மறைந்து ஒலியும் பொருளும் அவ்விடத்தில் அமர்ந்துவிடுகின்றன. கற்றவர் இழந்த அந்த முதற்பார்வையைப் பணிக்கர் திருப்பித் தருகிறார்.

எழுத்தறியாதவரும் எழுத்தும்

இவ்விடத்தில் தமிழ் ஆசிரியர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். அத்தடை புறக்கணிக்கத் தக்கது அன்று. கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுத்தைக் கற்பிப்பதற்குப் பட்ட பாடு சிறிதோ? விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறையினர்க்கு எழுத்து என்பது படித்து மகிழும் பொருளாக இருந்ததில்லை. கிராணியின் கையிலிருந்த செக்ரோல் புத்தகத்தில் கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக ஏதோ எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு கோடு விழுந்தால் ஒருநாட் கூலி, விழாவிட்டால் பட்டினி. படிக்கத் தெரியாதவர் அப்பக்கத்தின் அடியில் பெருவிரலை உருட்டி வைத்தார். படிக்க இயலாத எழுத்தை அவர் அழகு என்று கண்டிலர், அச்சத்தோடு கண்டார். அத்தகையோரின் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்தை விளங்க வைக்க உழைத்தவர் முன்னே, விளங்காத எழுத்தை ஓவியமென்று நிறுத்துவது பசித்தவன் முன் மெழுகுப் பழம் வைப்பதுபோல் ஆகாதா?

இத்தடையில் நியாயம் உண்டு. எழுத்தின் பொருளை உதறி விளையாடும் உரிமை, எழுத்தறிந்தவனுக்கே வாய்க்கும். பணிக்கர் கல்லூரித் தலைவர்; தம் மொழியும் ஆங்கிலமும் கற்றவர். அவருக்குப் படிக்காமை ஒரு தேர்வு. தோட்டத் தொழிலாளிக்கு அஃது ஒரு விதிப்பு. இரண்டையும் ஒன்றெனப் பேசுவது பிழை.

எனினும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஓவியத்தின் முன் நிற்கும் பெரும் புலவரும் கையெழுத்திடத் தெரியாத மூதாட்டியும் ஒரே நிலையில் நிற்கின்றனர். புலவர்க்கு அங்கே ஒரு சொல்லும் கூடுதலாக விளங்குவதில்லை. செக்ரோல் பக்கத்தின் முன் ஒருவர்க்கு அதிகாரமும் மற்றவர்க்கு அச்சமும் இருந்தன. இப்பக்கத்தின் முன் அதிகாரம் எவர்க்கும் இல்லை. ஆணையிடாத எழுத்து, கூலியைக் குறைக்காத கட்டம், எதிர்காலத்தைச் சொல்லி மிரட்டாத சாதகம் என்றிவ்வாறு எழுத்தின் கொடுக்கைக் களைந்து அதன் உடலழகை மட்டும் எஞ்ச வைத்தது எளிய செயல் அன்று. கற்றவர் சிறிது நேரம் கல்லாதவராய் நின்று, கல்லாமை எத்தகையது என்பதை உணர இது வழி செய்கிறது. எழுத்தைக் கற்பிப்பவர்க்கு அவ்வுணர்வு வேண்டாத ஒன்றா?

கூலிமுக்கு அண்மையிலேயே இதற்குச் சான்று ஒன்று உண்டு. புக்கிட் மெர்தாஜம் நகரில் புனித அன்னாள் ஆலய வளாகத்தில் செரோக் தோக்குன் பாறை நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி அதிலுள்ள பழைய எழுத்துகளைப் பற்றி எழுதினார். தென்னிந்திய எழுத்து மரபைச் சேர்ந்த அவ்வரிகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துவிட்டன. அன்னாள் திருவிழாவுக்கு இனவேற்றுமையின்றித் திரளும் மக்களுள் அவற்றைப் படிக்க வல்லவர் மிக அரியர். ஆயினும் பாறையின் முன் நிற்போர் அதனை வெறுங்கல் என்று கருதுவதில்லை. ஒரு கை இங்கே கோடு கிழித்தது, ஒரு நெஞ்சம் எதையோ சொல்ல விழைந்தது என்ற உணர்வு படிப்பறிவைக் கடந்து எட்டுகிறது. பணிக்கரின் படங்கள் எட்டுவதும் அவ்விடத்தைத்தான்.

கனவு

மூன்றாம் ஊற்று கனவு. தமிழ் இலக்கியத்தில் கனவுக்குத் தனி இடம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்தியிடம் தான் கண்ட கனவை உரைக்கும் பகுதி 'கனாத்திறம் உரைத்த காதை' என்றே பெயர் பெற்றது. ஆண்டாள் தன் திருமணக் கனவைத் தோழிக்கு உரைத்தாள். இக்கனவுகள் எல்லாம் பொருளுடையன. வரப்போவதை உணர்த்துவன, அல்லது விரும்புவதைக் காட்டுவன.

பணிக்கரை நேரடியாகக் கனவோவியர் என்று கூற இயலாது. அவருடைய படங்களில் உருவங்கள் நிலமின்றி மிதப்பதும், சிறியது பெரிதாகவும் பெரியது சிறிதாகவும் நிற்பதும் கனவின் இயல்பை ஒக்கும், அவ்வளவே. கனவு ஓர் ஓவியனின் முழு உணவாவது எப்படி என்பதைக் காண அவருடைய மாணவர் கே. இராமானுஜத்தை நோக்க வேண்டும். பேச்சிலும் பழக்கத்திலும் பிறரோடு எளிதில் ஒட்ட இயலாதவராக இருந்த அவ்விளைஞரின் ஆற்றலை உணர்ந்து பேணியவர் பணிக்கர். நெருங்கிய மைக்கோடுகளால் இராமானுஜம் எழுப்பியவை கனவு மாளிகைகள். கோபுரங்களும் வளைவுகளும் மாடங்களும் அடுக்கடுக்காய் உயர, சிறகுடைய விலங்குகளும் பெரும் பாம்புகளும் அவற்றினிடையே உலவும். நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதர் காணப்படுவார். அவர் ஓவியரே. பகலுலகம் தராத இடத்தைத் தமக்குத் தாமே கட்டிக்கொண்டு அதில் அவர் குடியேறினார். அக்கனவுகள் எதையும் முன்னுரைப்பன அல்ல; இருக்க இடமில்லாதவன் கட்டிய வீடுகள் அவை. 1973ஆம் ஆண்டு, முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் மறைந்தார். கனவு கலைக்கு உணவாகும். ஆனால் கலைஞனை அது ஒன்றே காத்துவிடாது என்னும் கடுமையான பாடத்தை அவர் வாழ்வு விட்டுச் சென்றது.

ஆசிரியரையும் மாணவரையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பணிக்கரிடம் அறிவு மிகுதி, கனவு குறைவு. இராமானுஜத்திடம் கனவு மிகுதி, அதனைத் தாங்கும் கரை குறைவு. பணிக்கரின் படம் பார்ப்பவரைச் சிந்திக்க வைக்கும். இராமானுஜத்தின் படம் பார்ப்பவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருவர் குறையை மற்றவர் நிறைவு காட்டிக்கொடுக்கிறது.

மதிப்பீடு

'சொற்களும் குறிகளும்' தொடர் முழுவதும் ஒரே தரத்தது அன்று. எழுத்து வரிகளும் கட்டங்களும் மட்டுமே பரப்பை நிறைத்த படங்கள், பலவற்றை ஒருங்கே காணும்போது, அழகிய புடவைக்கரை போலச் சலிப்பூட்டும். குறிகள் அங்கே கருப்பொருளாகவே நின்றுவிடுகின்றன, உரி இல்லை. பழஞ்சக்கரமும் சாதகமும் இந்நாட்டுக் கலை என்பதற்கு ஒட்டிய முத்திரைகளாக மாறும் இடரும் அங்கே நேர்கிறது. ஆனால் அதே வரிகளினூடே ஒரு மீனோ பறவையோ நுழைந்த படங்களில் நிலைமை வேறு. கணக்கும் சோதிடமும் அளந்துவிட்டோம் என்று எண்ணும் உலகத்தில், அளவுக்கு அகப்படாத ஓர் உயிர் அமைதியாக நீந்திச் செல்கிறது. அவ்விடத்தில் இளமையில் கண்ட காயலின் நீர் மீண்டும் வந்து சேர்கிறது. அங்கேதான் உரிப்பொருள் பிறக்கிறது: அறிவின் வலைக்கும் உயிரின் ஓட்டத்துக்கும் இடையிலான உறவு. இயற்கையைத் துறந்து அறிவியலுக்குச் சென்றார் என்று பணிக்கரைப் பற்றிச் சொல்வோர் இதனைக் காணாதவரே. அவர் சென்ற வழி நெடுகிலும் இயற்கை உடன் நடந்தது. அது விலகிய இடங்களில் ஓவியம் தளர்ந்தது.

ஓவியர் கூடி வாழவும் அவர் வழி கண்டார். 1966ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஓவியம் விலைபோகாத அக்காலத்தில் அதற்குப் பொருள் ஈட்டித் தந்தவை கைவினைப் பொருள்களே. மலாய் மக்களுக்கு நன்கு அறிமுகமான பாத்திக் துணிவேலை அவற்றுள் ஒன்று. 1977ஆம் ஆண்டு பணிக்கர் மறைந்தார். 1979இல் திருவனந்தபுரத்தில் அமைந்த பணிக்கர் ஓவியக் கூடத்தில் அவர் படங்களைக் காணலாம். சென்னைக் கல்லூரியின் செல்வாக்கு கடல் கடந்தும் வந்தது. பினாங்கில் வளர்ந்த ஓவியர் சையத் தாஜுதீன் 1970களின் தொடக்கத்தில் அங்கே பயின்றவர்; 1972இல் அனுமன் சீதையைக் காணும் காட்சியைத் தீட்டியவர்.

இவையெல்லாம் கூலிமுக்கு எவ்வகையில் உரியன? தமிழ்ப்பள்ளிக் குழந்தையிடம் படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே ஞாயிறு, ஒரு வீடு, ஒரு தென்னை என்று வரைந்து தருகிறது. அது கண்ட காட்சி அன்று. வழிவழியாகக் கைமாறி வந்த படம். அக்குழந்தையைச் சூழ்ந்து கருப்பொருள் குவிந்து கிடக்கிறது. பால்மரத்தின் பட்டையில் நாள்தோறும் கத்தி இழுத்த சாய்கோடு, எந்த ஓவியன் கோட்டுக்கும் தாழ்ந்தது அன்று. 1996இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் உருவாகும் மின்னணுச் சில்லுகளின் நுண்கோடுகள், பணிக்கர் கண்ட கணக்குத் தாளினும் விந்தையானவை. கப்பலேறி வந்த முன்னோர் கனவில் கண்ட ஊர்களின் கதைகள் இன்னும் சில வீடுகளில் வழங்குகின்றன. முதலும் கருவும் இங்கே குறைவற உள்ளன.

குறைவது அவற்றை நோக்கும் பயிற்சியே. எழுத்தைப் பொருளுக்காகக் கற்பிக்கும் ஆசிரியர், வாரத்தில் ஒரு வேளையேனும் அதே எழுத்தை வடிவுக்காகக் காணவும் மாணவரைத் தூண்டலாம். ஒரு மரத்தின் வெட்டுக்கோட்டை உள்ளபடி வரையச் செய்து, பின்னர் அக்கோடு அவர்தம் வீட்டாரின் எந்தக் காலைப்பொழுதை நினைவூட்டுகிறது என வினவலாம். முதல் வேலை கருவைத் தரும். இரண்டாவது உரியை அழைக்கும். பணிக்கர் தம் வாழ்நாள் முழுதும் செய்து பார்த்தது இவ்விரண்டையுமே. இரண்டாவது கைகூடிய படங்களே இன்றும் நிற்கின்றன.